எழுபத்தேழு கிலோ

தங்கள் தீவு வழக்கப்படி அப்பாவின் சவப்பெட்டிக்கு அடியில் இரண்டாவது பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த மனோங்கிக்கு, கராஜில் தம்பி கயிறு குதிக்கும் சத்தம் விடாமல் கேட்டது. மூன்று நாளாய் அந்த வீட்டில் அழுகைக்கும் பாட்டுக்கும் நடுவே இதே சத்தம்தான். வீட்டில் அப்பா கிடக்கிறார், பிள்ளை குதிக்கிறான். பாயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

நிகோ கழுத்துவரை மூடிய பிளாஸ்டிக் சட்டையில் இருந்தான். பக்கத்தில் ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தது. உதடு வெடித்து, கண்கள் உள்ளே போய், இருபத்தாறு வயதுப் பையன் நாற்பதைத் தாண்டியவன்போல் இருந்தான். நேற்று மதியத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

"எவ்வளவு இருக்க?"

"எம்பத்திரண்டு நானூறு."

"இன்னும் அஞ்சு கிலோவா?"

"அஞ்சு நானூறு." கயிறு நிற்கவில்லை. "நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் தராசுல எழுபத்தேழு காட்டணும்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான்டா அப்பாவைத் தூக்குறோம்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சு?"

நிகோ கயிற்றை இன்னும் வேகமாகச் சுழற்றினான். மனோங்கிக்கு அவனை அறையலாம்போல் வந்தது, அள்ளிக்கொள்ளலாம்போலும் வந்தது. இரண்டையும் செய்யாமல் ஹீட்டரை மட்டும் ஒரு படி குறைத்துவிட்டு வந்தாள். அவள் முதுகு திரும்பியதும் அவன் மறுபடி கூட்டிவிட்டான்.

சனிக்கிழமை ஆக்லாந்து நகரத்துக்குள் அவனுக்குக் கூண்டுச் சண்டை, எழுபத்தேழு கிலோ எடைப் பிரிவில். நாலு சண்டை ஒப்பந்தத்தில் கடைசி. விலகலாம், ஆனால் சண்டை நடத்தும் கம்பெனியின் டாக்டர் காயம் என்று எழுதித்தர வேண்டும். அப்பா செத்தது காயத்தில் சேராது. சும்மா விலகினால் ஒப்பந்தம் ஒரு வருடம் நீளும், அந்த வருடம் எப்போது தொடங்கும் என்பதையும் கம்பெனிதான் சொல்லும். முப்பத்திரண்டு பக்கத்தையும் சமையலறை மேசையில் வைத்து வரிவரியாகப் படித்தவள் மனோங்கி. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை, அங்கே அறுபது பேருக்குச் சங்கப் பிரதிநிதி. கையெழுத்துப் போடாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். தம்பி போய்க் கார் நிறுத்துமிடத்தில், கார் பானட்டின் மேல் வைத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. அப்பா தஃபாலேயும் அப்படிப் போட்டவர்தான். தொண்ணூறு கிலோவுக்குப் பிறந்த உடம்பு அது. பதின்மூன்று வருடம் அதைப் பிழிந்து பிழிந்து எழுபத்தேழில் நிறுத்தினார். சிறுநீரகம் இரண்டும் போன பிறகு, முப்பத்தைந்து வயதில், போதும் என்று சொன்னார். போதும் என்றவருக்கு ஒப்பந்தம் முடியாது, உறைந்து நிற்கும் என்று பதில் வந்தது. பாக்கி மூன்று சண்டை அப்படியே நின்றது. வேறு எங்கும் சண்டை போடக் கூடாது, கூண்டுக்கு வைத்துக்கொண்ட பெயரில் வகுப்புகூட நடத்தக் கூடாது. பதினாறு வருடம் அந்த மூன்று சண்டையைச் சுமந்துகொண்டே வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். செவ்வாய்க்கிழமை கம்பெனி அவருடைய பழைய படத்துக்குப் பாட்டுப் போட்டு சனிக்கிழமை டிக்கெட்டுக்கு விளம்பரம் விட்டது. படம் அவர்களுடையதாம்.

அந்த நிலைமையிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பெனி இரண்டு விமான டிக்கெட்தான் தரும், புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான். ஆள் இல்லாமல் வந்து நிற்கிற பிள்ளைகளுக்குக் கையில் துணி சுற்றிவிடுவார், வெட்டுக்கு மருந்து வைப்பார், கூண்டில் எதிர் மூலை ஆளா என்று பார்க்க மாட்டார். கூடவே ஒரு தாளும் வைத்திருப்பார். உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்த பிறகுதான் தராசில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு வரி. அதைக் கம்பெனியிடம் கேட்கக் கையெழுத்து வேண்டும் என்பார். பதினொரு வருடம் கேட்டார். "பேனா இல்ல மாமா" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்கள். தனியாக ஒருவன் போட்டால் அடுத்த சண்டையே அவனுக்குக் கிடைக்காது, பாவம் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு வேன் வந்து வாசலில் நின்றது. சனிக்கிழமை சண்டைக்காரர்கள், பதின்மூன்று பேர், நிகோவோடு சேர்த்தால் பதினாலு. அந்த நேரம் ஹோட்டலில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவர்கள் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லாமல் கிளம்பி வந்திருந்தார்கள். கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறோம் என்றார்கள்.

வெயில் காலத்தில் எல்லாரும் இரண்டு மூன்று கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றக் குனிந்தவர்கள் நிமிர்வதற்குச் சுவரைப் பிடித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியின் அருகே போய் நின்றுவிட்டு, கூடத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பெர்த்திலிருந்து வந்திருந்த ப்ரான்வின் என்ற சின்ன உருவப் பெண் மட்டும் பெட்டியைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்கும் ஆறு கிலோ இறக்க வேண்டியிருந்தது, உடம்பில் அதற்கு இடமே இல்லை. கடைசியாக வந்தவன் ஜுராந்திர். பிரேசில்காரன், சனிக்கிழமை நிகோவை அடிக்க வந்திருப்பவன்.

அடுக்களையிலிருந்து சூலு அத்தை வந்தாள். அப்பாவின் மூத்த அக்கா, எழுபது வயது, தம்பி போட்ட சண்டையில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "அந்த அடிதடி" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவாள். வெள்ளை உடுப்பில் வாசற்படியில் நின்று அந்தப் பதின்மூன்று முகத்தையும் பார்த்தாள்.

"அட கடவுளே, உங்கள எந்த ஹோட்டல்ல கொண்டுபோய்ப் போட்டிருக்கானுங்க? சோறே போடலையா?"

ஒருவன் பேச வாயெடுத்து உதட்டை நக்கினான். எச்சில் இருந்தால்தானே பேசுவதற்கு.

"ஏம்மா, கன்னம் ரெண்டும் ஒட்டிப்போயிருக்கே, உன் ஆத்தா பாத்தா என்னைய வெட்டிப் போட்டுருவா. மனோங்கி! தட்டு எடுத்துட்டு வாடீ!"

"அத்தை, அவங்க சாப்பிட மாட்டாங்க..."

"மாட்டாங்களா? யாரு வீட்டுல வந்து யாரு மாட்டேங்கிறது?"

ஐந்து நிமிடத்தில் தட்டுகள் வந்துவிட்டன. சுட்ட பன்றிக்கறி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பால் ஊற்றிச் சேப்பிலையில் பொதிந்து கல்லடுப்பில் வேகவைத்த பொட்டலம், ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அத்தை விசிறியை எடுத்துக்கொண்டு அவர்கள் எதிரில் நின்று ஈ ஓட்டத் தொடங்கினாள். விருந்தாளி கை வைக்கும்வரை வீட்டார் சாப்பிடுவதில்லை. பின்கட்டில் அறுபது சொந்தக்காரர்கள் காலையிலிருந்து பசியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கறி வாசனைக்கே ரெண்டு கிலோ ஏறிடும்போலிருக்கு" என்றாள் ப்ரான்வின், சிரிக்க முயன்று. உதடு பிளந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

கயிற்றுச் சத்தம் நின்றிருந்தது. பிளாஸ்டிக் சட்டையோடு நிகோ உள்ளே வந்தான்.

"அத்தை, விடு. அவங்களால முடியாது. நாளைக்கு எடை பாக்கணும். தண்ணி குடிச்சாலே போச்சு."

"தண்ணி குடிச்சா என்னடா போகும்?"

"எடை தப்பினா, சம்பளத்துல நூத்துக்கு முப்பது எதிராளிக்குப் போயிடும். ஒப்பந்தம் ஒரு வருஷம் நீளும்."

அத்தையின் விசிறி நின்றது. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இதத்தானா இவன் பதிமூணு வருஷமும் பண்ணினான்?" என்றாள், யாரையும் கேட்காமல். அத்தை ஒவ்வொரு வருடமும் புது வருடத்துக்குப் பன்றி சுட்டு அனுப்புவாள். அப்பா நன்றாக இருந்தது என்று சொல்லச் சொல்வார், தொட்டிருக்க மாட்டார்.

ஜுராந்திர் நிகோவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாஷை கொஞ்சம்தான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தான்.

"நாளைக்கு. பத்து மணி. நீ அப்பாவைத் தூக்குறியா? தராசுல நிக்கிறியா?"

நிகோ தலையைக் குனிந்துகொண்டான். மனோங்கி மூன்று நாளாக அவனிடம் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்விதான். எதிராளி வாயிலிருந்து வந்தபோது அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"என் முதல் சண்டை" என்றான் ஜுராந்திர். "என் ஆளுங்களுக்கு டிக்கெட் இல்ல. தனியா வந்தேன். இவர் என் கையைக் கட்டினார். அவர் வேற மூலைல இருந்தவர். ஆனா கட்டினார்."

அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். நிகோ நாளைக்கு அப்பாவைத் தூக்கப் போனால் அந்த நூற்றுக்கு முப்பது அவனுக்கு வந்து விழும். அவன் டம்ளரை எடுத்தான். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். தொண்டை ஏறி இறங்குவது கூடத்தின் கோடிவரை கேட்டது.

"என் எடை தப்பிடுச்சு" என்று டம்ளரைக் கீழே வைத்தான். "இப்ப நீ."

நிகோ அவனைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கழுத்துவரை இருந்த ஜிப்பை இழுத்து அந்தப் பிளாஸ்டிக்கை உரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து தண்ணீரை எடுத்துக் குடித்தான். இரண்டாவது டம்ளரையும் குடித்தான். மூன்றாவதில் பாதி போகும்போது அழுகை வந்துவிட்டது. மூன்று நாளாக ஒரு சொட்டு வரவில்லையே, கல்நெஞ்சா என்று அவனைத் திட்டியிருந்தாள் மனோங்கி. தண்ணீர் உள்ளே போனால்தானே கண்ணில் வருவதற்கு. அவன் வாய்விட்டு, சின்னப் பிள்ளைபோல் அழுதான். அவளும் அழுதாள்.

அழுதுகொண்டே அவள் மூளை வேலை செய்தது, அது அவள் தொழில். "ரெண்டு பேர் எடை தப்பினா ரெண்டு பேருக்கும் அடி" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பதினாலு பேர் தப்பினா யாருக்கு அடி?"

ப்ரான்வின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இருப்பதிலேயே பெரிய கறித்துண்டை, கொழுப்பு சொட்டச் சொட்ட, வாயில் போட்டாள்.

"அய்யய்யோ" என்றாள் மென்றபடியே. "அய்யய்யோ, இதுக்கு ஒரு வருஷம் என்ன, பத்து வருஷம் நீட்டட்டும்."

அதன் பிறகு யாரைப் பிடிக்க முடியும். பதினாலு பேரும் தட்டில் விழுந்தார்கள். பின்கட்டில் ஆரவாரம் கிளம்பியது. யாரோ பாட்டை எடுத்துவிட, நாலு குரலில் கூரை அதிர்ந்தது. சூலு அத்தை விசிறியை வீசியெறிந்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

கம்பெனிக்காரர் டன்ஃபி வந்து சேர்ந்தபோது இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. சண்டைக்கு ஆள் சேர்ப்பது, சண்டை பொருத்துவது எல்லாம் அவர்தான். கையில் கம்பெனி முத்திரை போட்ட மலர்வளையம். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பண்றீங்க நீங்கல்லாம்?"

"சாப்பிடுறோம்" என்றாள் ப்ரான்வின்.

"ப்ரான்வின், உன் ஒப்பந்தம் இந்த மாசம் புதுப்பிக்க இருக்கு, ஞாபகம் இருக்கா? ஜுராந்திர், உனக்கு விசா..."

"சார்." மனோங்கி நடுவில் வந்து நின்றாள். "இது சாவு வீடு. அவங்ககிட்ட தனித்தனியா பேசாதீங்க. எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

"நீங்க யாரும்மா?"

"செத்தவரோட பொண்ணு. ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம் என்ன சொல்லுது? இவங்க உங்க வேலையாட்கள் இல்ல, தனக்குத்தானே முதலாளி. அதனால லீவு கிடையாது, மருத்துவச் செலவு கிடையாது, சங்கம் கிடையாது. சரிதானே?"

"அது சட்டப்படி..."

"அப்ப முதலாளிங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. எப்ப சாப்பிடணும்னு முதலாளிதானே முடிவு பண்ணணும்?"

பின்கட்டில் சிரிப்பு வெடித்தது. டன்ஃபி சிரிக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார், தடை போடுவோம் என்றார். பேசி முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். சரக்குக் கொட்டகையில் இதைவிடப் பெரிய குரலையெல்லாம் கேட்டவள் அவள்.

"சனிக்கிழமை பதினோரு சண்டை. அதுல எட்டுக்கு ஆளுங்க இங்க உக்காந்திருக்காங்க. அரங்கம் நிறைஞ்சாச்சுன்னு நீங்களே விளம்பரம் போட்டீங்க, எங்கப்பா படத்த வச்சு. எட்டுச் சண்டைய ரத்து பண்ணுறீங்களா, இல்ல மூணு விஷயம் கேக்குறீங்களா?"

அவர் மலர்வளையத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "சொல்லுங்க."

"யாருக்கும் பிடித்தம் இல்ல, யாருக்கும் ஒப்பந்தம் நீளாது. சனிக்கிழமை இருக்கிற எடையிலயே சண்டை. இது ஒண்ணு. எடை பாக்குறது நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு, இந்த வீட்டுல. பத்து மணிக்கு எங்களுக்கு வேற வேலை இருக்கு. இது ரெண்டு." அவள் அலமாரியைத் திறந்து அப்பாவின் தாளை எடுத்தாள். ஓரமெல்லாம் மடங்கி, காபிக்கறை படிந்து கிடந்தது. "இந்த வரி. சிறுநீர் சோதனை முதல்ல, தராசு அப்புறம். இந்தப் பதினாலு பேரோட ஒப்பந்தத்துலயும் இன்னைக்கே சேரணும். உங்க கையெழுத்தோட."

டன்ஃபி தோட்டத்துக்குப் போய் லாஸ் வேகாசில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரம் துணிக்கொடிக்குக் கீழே முன்னும் பின்னும் நடந்தார். ஒருமுறை கத்தினார், ஒருமுறை கெஞ்சினார். சூலு அத்தை அவருக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். முதலில் கையால் தள்ளினார். அடுத்த முறை மனோங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சேப்பங்கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று.

அவள் தட்டச்சு செய்து கொடுக்க, பக்கத்து வீட்டு அச்சுப்பொறியில் பதினாலு தாள் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேனா கேட்டார்கள். வீட்டில் இருந்ததே நாலு பேனா, அதிலும் ஒன்று எழுதவில்லை. அதற்கு அடிதடியே நடந்தது. டன்ஃபி ஒவ்வொரு தாளாகக் கையெழுத்துப் போட்டு முடித்தபோது வீடு முழுக்கக் கைதட்டியது. சாவு வீட்டில் கைதட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. சூலு அத்தை பெட்டியின் அருகே போய்க் குனிந்து, "தஃபாலே, எழுதிக் குடுத்துட்டானுங்கடா" என்று சத்தமாகச் சொன்னாள். டன்ஃபி கிளம்பும்போது, வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பெட்டி டின் மாட்டிறைச்சியை அவர் கையில் வைத்தாள். கனம் தாங்காமல் அவர் வேன்வரை சாய்ந்து சாய்ந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அதே வேனில் தராசு வந்தது. பதினாலு பேரும் சோதனைப் புட்டியோடு குளியலறை வாசலில் வரிசையில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தராசில் ஏறினார்கள். நிகோ எண்பத்தெட்டு. ஜுராந்திர் எண்பத்தேழரை. எண்ணைச் சொல்லச் சொல்லத் திருவிழாபோல் சத்தம். எல்லாரும் முடித்த பிறகு சூலு அத்தை பாவாடையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, "எங்க, என்னோடத எழுதுங்க பாப்போம்" என்று தராசுக்காரரை முறைத்தாள். அவர் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் போகக் கூடாது என்று அத்தை டன்ஃபியையும் பிடித்து உட்கார்த்திவிட்டாள்.

பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். மாதா கோயில் இரண்டு தெரு தள்ளித்தான், தோளிலேயே கொண்டுபோவது என்று ஏற்பாடு. வலப்பக்கம் முன்னால் நிகோ, இடப்பக்கம் முன்னால் ஜுராந்திர். சொந்தக்காரர்கள் உள்ளே வைத்த பாய்களோடு அது சாதாரணக் கனமாக இல்லை. நேற்று மதியம் செருப்பைக் கழற்றவே சுவரைப் பிடித்தவர்கள். ஒருவரும் தள்ளாடவில்லை.

"கனமா இருக்கார்" என்றான் ஜுராந்திர் மெதுவாக.

"இருக்கட்டும்" என்றான் நிகோ.

வெள்ளை உடுத்திய கூட்டம் பாட்டோடு தெருவில் இறங்கியது. இரண்டு ஓரமும் வந்தவர்களின் கார்கள். நடுவில், அப்போதுதான் கிளம்பியிருந்த கம்பெனி வேன், தெரு முனையில் குப்பை வண்டி வழியை மறித்து நின்றதால் திரும்பி வந்து, இவர்களுக்கு எதிரே நாலு கார் தள்ளி மாட்டிக்கொண்டு நின்றது. ஒதுங்க இடமில்லை. ஓட்டுநர் ஹாரனில் கை வைக்கப் போனார், டன்ஃபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நிகோ நிற்கவில்லை. பெட்டி வேனின் மூக்குக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

வேன் பின்னால் நகரத் தொடங்கியது. முன்கண்ணாடிக்குப் பின்னால் டன்ஃபி, மடியில் தாள்களோடு, அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போனார். குப்பை வண்டிக்காரர் பெட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் வண்டியையும் பின்னுக்கு எடுத்தார். தெரு முனைவரை நூற்றைம்பது அடி இருக்கும். தோள் கொடுத்தவர்கள் நடையைக் கூட்டவில்லை, வேனும் அதே நடைக்கு, அங்குலம் அங்குலமாக, பின்வாங்கிக்கொண்டே போயிற்று.